முப்பத்தொன்றாம் இலக்க ஜேர்சி

1992 நவம்பர் 2, திங்கள்

மகன் நிமலன் போன வருடம் பாதி எழுதிவிட்டு எறிந்த கணக்குக் கொப்பி இது. மீதிப் பக்கங்கள் வெள்ளையாகக் கிடக்கின்றன. வெள்ளைத்தாளை எறிய எனக்கு மனம் வராது, அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. பக்டரியில் முப்பது மெஷின் சத்தத்தில் ஒருவரோடும் கதைக்க முடியாது. வீட்டில் இருக்கிற ஒரே ஆளுக்குப் பதினான்கு வயது. எதைக் கேட்டாலும் "ஓம்", "இல்லை" என்ற இரண்டோடு முடித்துக்கொள்வான்.

இன்றைக்கு அவனே வாயைத் திறந்தான். பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக ஐஸ் ஹொக்கி அணி தொடங்குகிறார்களாம். தானும் சேரப்போகிறானாம்.

"உனக்கு ஐஸில நிக்கவே தெரியாதே."

"பழக்குவினம்."

"விழுந்து பல்லு உடைஞ்சால்?"

"பல்லுக்கும் கவசம் இருக்கு அம்மா."

கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் இவ்வளவு நீளமாக நாங்கள் கதைத்தது இதுதான். அதற்காகவே சம்மதித்தேன்.

பத்திரத்தில் தாயின் கையெழுத்துக்கு ஒரு கோடு, தகப்பனின் கையெழுத்துக்கு ஒரு கோடு. தகப்பனின் கோட்டில் "வெளியூர்" என்று எழுதினேன். நிமலன் அதைப் பார்த்தான்.

பத்திரத்தின் மேலே அவன் பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயர், இவர் பெயர், கொட்டை எழுத்தில் நின்றது. விமான நிலையத்தில் அந்த அதிகாரி குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்று சொல்ல எனக்கு இங்கிலிஸ் போதவில்லை. நிமலன் தகப்பன் பெயரைச் சொன்னான். அதையே இரண்டு பேருக்கும் வாலாகக் கட்டிவிட்டார்கள். ஆகவே இங்கே நானும் இவர்தான். பக்டரியில் சுப்பவைசர் மரியா என்னை இவர் பெயரின் முன்பாதியால் கூப்பிடுவாள். நானும் "யெஸ்" என்று எழும்பிப் போவேன்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள். நான் எழுதியதும் இல்லை. இந்தக் கொப்பியிலும் எழுதமாட்டேன்.

நவம்பர் 7, சனி

ஹொக்கிக்குப் பொறுப்பான ஹலோறன் என்ற பூகோள ஆசிரியர் வீட்டுக்கே வந்தார். உயரமான மனிதர். நிலைக்குக் குனிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. கையில் ஒரு சாக்கு.

சாக்குக்குள்ளே பதினைந்து பச்சை ஜேர்சி. வடக்கே எங்கேயோ மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்று இனாமாகக் கொடுத்ததாம். முதுகில் அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் தைத்திருக்கின்றன. அவற்றைப் பிரித்து எங்கள் பிள்ளைகளின் குடும்பப் பெயர்களைத் தைக்க வேண்டும். நான் தையல் பக்டரியில் வேலை என்று நிமலன் சொல்லியிருக்கிறான். இந்தப் பள்ளிக்கூடத்தில் இதற்கு முந்தி ஹொக்கி இருந்ததே இல்லை, நீங்கள் தைப்பதுதான் முதல் அணி என்றார். முதல் அணியின் பெயர்களைப் பிறகு பலகையில் எழுதி நடைபாதையில் மாட்டுவார்களாம்.

தேத்தண்ணி கொடுத்தேன். மூன்று கரண்டி சீனி போட்டதை முகம் சுளிக்காமல் குடித்தார்.

நவம்பர் 8, ஞாயிறு

காலை முழுக்கப் பழைய பெயர்களைப் பிரித்தேன். நெருக்கமான தையல். கூர்க்கத்தியால் ஒவ்வொரு நூலாக வெட்டி எடுக்க வேண்டும். மகன் அரிசி களைந்து உலையில் போட்டான்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை: எழுத்தை எடுத்தாலும் பெயர் போகவில்லை. வெயிலிலும் தோய்ப்பிலும் துணி வெளிறிவிட்டது. எழுத்து மூடியிருந்த இடம் மட்டும் புதுப் பச்சையாகவே இருக்கிறது. துணியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் அத்தனை பெயரும் வாசிக்கலாம். முப்பத்தொன்றாம் இலக்கத்தில் ஹேய்ஸ் என்று ஒரு பெடியன் இருந்திருக்கிறான். இங்கிலிசில் ஐந்தெழுத்து.

பதினைந்து ஜேர்சியையும் கதிரைகளிலும் கட்டிலிலும் விரித்துப் போட்டேன். வீடு நிறைய ஆட்கள் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது போலத் தெரிந்தது. மடித்துச் சாக்குக்குள் வைத்துவிட்டேன்.

நவம்பர் 14, சனி

விடிய ஆறு மணிக்கு அரீனா. அந்த நேரத்துக்குத்தான் ஐஸ் மலிவாகக் கிடைக்கிறதாம். வெளியே இருக்கிற குளிர் போதாதென்று இந்த நாட்டில் கட்டடம் கட்டி உள்ளேயும் குளிர் வைத்திருக்கிறார்கள்.

பதினைந்து பிள்ளைகளில் சறுக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர். மிச்சப் பேர் வேலியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நிமலன் பிடிக்காமல் நடந்தான், விழுந்தான், எழும்பினான், விழுந்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், இருபதோடு விட்டுவிட்டேன். ஹலோறன் யோசித்துவிட்டு அவனைக் கோலுக்குள் நிறுத்தினார். அங்கே ஓடத் தேவையில்லை.

பிறகு ஒவ்வொருவராக அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை அடித்தார்கள். நிமலன் பிடித்தான். பன்னிரண்டு அடியில் ஒன்பதைக் கையாலேயே பிடித்தான். ஹலோறன் என்னிடம் வந்து இவன் எங்கே பழகினான் என்று கேட்டார். ஊரில் கிணற்றுக் கட்டில் நனைந்த ரென்னிஸ் பந்தை எறிந்து எறிந்து விக்கெற் காக்கப் பழக்கியது இவர். "தகப்பன் பழக்கினது" என்று இங்கிலிசில் சொன்னேன். தகப்பனும் வந்து பார்க்கட்டும் என்றார். நான் தலையாட்டினேன்.

எனக்கு ஒரேயொரு விஷயம் பிடிக்கவில்லை. வட்டு பிசகிப்போய்ப் பலகை வேலியில் மோதுகிற சத்தம். பொறுமையில்லாத ஒருவன் கதவில் தட்டுவது போலவே இருக்கிறது. ஒவ்வொரு தரமும் நிமலனும் திரும்பி வேலியைத்தான் பார்த்தான்.

நவம்பர் 21, சனி

பதினான்கு ஜேர்சி முடிந்தது. முப்பத்தொன்று மிச்சம்.

பக்டரியில் எனக்கு அடுத்த மெஷின் லூர்து அக்கா. மன்னார் ஆள். சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் சொன்னேன்.

"இவர் பேரை ஊரே சொல்லலாம் அக்கா. நான்தான் சொல்லக்கூடாது. தைக்கிறதும் சொல்லுறது மாதிரித்தானே?"

"தையலும் வாயும் ஒண்டே? விசர்க்கதை கதையாதையும். சரி, அப்பிடிப் பயமெண்டால் இஞ்ச கொண்டுவாரும். நான் தைச்சுத் தாறன். எனக்கு உம்மட புருஷன் ஒரு முறையுமில்லை."

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அதற்குள் மெஷின்கள் தொடங்கிவிட்டன. எனக்குக் கேட்கவில்லை என்று காட்டிக்கொண்டேன்.

நவம்பர் 22, ஞாயிறு

முப்பத்தொன்றில் "நிமலன்" என்று தைத்தேன். அழகாக வந்தது. கோடு ஒன்றும் பிசகவில்லை.

பார்த்துவிட்டு அவன் சிரிக்கவில்லை.

"எல்லாருக்கும் குடும்பப் பேர் அம்மா. எனக்கு மட்டும் என்ர பேர்."

"உன்ர பேர் வடிவான பேர்தானே?"

"எனக்கு அப்பான்ர பேர் வேணும்."

"இப்ப வேண்டாம்."

"அப்ப எப்ப?"

இரண்டு இடியப்பத்தோடு எழும்பிவிட்டான். சொதி அப்படியே கிடந்தது. பிறகு நான்தான் குடித்தேன்.

டிசம்பர் 4, வெள்ளி

பள்ளிக்கூடத்தின் முதல் ஹொக்கி ஆட்டம். சைபருக்குப் பதினொன்று. பதினொன்று எங்களுக்கு விழுந்தது.

நாற்பது பேர் வந்திருப்பார்கள். மேல் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்தாள். அவள் கையில் இருந்தது ஜேர்சி இல்லை, பள்ளிக்கூடத்துப் பெயர் இடாப்பு. முப்பத்தொன்றுக்கு வந்ததும் மூச்சு எடுத்து, இவர் பெயரை நாலு துண்டாகப் பிய்த்து எறிந்தாள். கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. நான் கம்பளித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்தேன்.

இரண்டாம் பகுதியில் நிமலன் படுத்தபடியே ஒன்றைப் பிடித்தான். ஆறு கோல் விட்டவன் பிடித்த பிடிக்குப் பிள்ளைகள் எல்லோரும் எழும்பினார்கள். முழுப்பெயர் வாயில் வராதபடியால் முன்பாதியை மட்டும் கத்தினார்கள். திரும்பத் திரும்பக் கத்தினார்கள்.

அந்தப் பாதியைத்தான் இவருடைய சிநேகிதர்களும் கூப்பிடுவார்கள். பின்னேரத்தில் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு படலையடியில் நின்று கூப்பிடுவார்கள். நான் குசினியிலிருந்து போய், இவர் குளிக்கிறார், வருவார் என்பேன்.

இன்றைக்கும் எழும்பிவிட்டேன். இரண்டு படி இறங்கியும் விட்டேன். பக்கத்தில் இருந்த சீனத் தாய் கழிவறை அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினாள். நன்றி சொல்லிவிட்டுப் போய், கைகழுவிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 12, சனி

மச்சாளிடமிருந்து கடிதம். இவருடைய தங்கச்சி. ஐந்து கிழமை எடுத்து வந்திருக்கிறது.

தெற்கில் ஒரு தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வந்த பெடியன் ஒருவன் சொன்னானாம். அங்கே காலையும் மாலையும் பெயர் கூப்பிடுவார்கள். இவர் பெயரில் ஒருவர் இருக்கிறாராம். முகம் பார்க்கவில்லை, வேறு கட்டடம். ஆனால் பெயர் கூப்பிடுவதையும் ஆள் பதில் சொல்வதையும் கேட்டிருக்கிறான். தினமும் கேட்டிருக்கிறான். மேலும் விசாரிக்க ஆள் அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறாள்.

கடிதத்தை ஏழு தரம் வாசித்தேன். பிறகு வாயைத் திறந்து சிரித்தேன். தனியாக இருந்து சிரிக்கிற பெண்ணைப் பார்த்தால் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும்.

பதில் சொல்லுகிறார். அதுதான் காரியம்.

நிமலனுக்குக் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தான். முகம் வெளிறிவிட்டது. சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி வரும்.

டிசம்பர் 13, ஞாயிறு

சாமிப்படத்துக்கு விளக்கு வைத்தேன். இனி இவர் பெயர் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இவ்வளவு காலம் காத்துவிட்டு இப்போது போய்ப் பிழை விடக்கூடாது.

டிசம்பர் 18, வெள்ளி

ஒன்றுக்கு எட்டு. எங்கள் முதல் கோல். அடித்த பெடியன் எங்கள் பக்கத்துக் கட்டடம், கயானாக்காரன். கோல் விழுந்ததை நம்பமுடியாமல் மட்டையை எறிந்துவிட்டு ஹலோறனைக் கட்டிப்பிடித்தான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று அவர் சத்தம் போட வேண்டியிருந்தது.

டிசம்பர் 25, வெள்ளி

லூர்து அக்கா வீட்டில் கிறிஸ்மஸ். பொரித்த ரொலும் கேக்கும். நிமலன் அவள் பேரப்பிள்ளைக்குச் சறுக்கப் பழக்கினான். விழுகிறவன் எப்படி எழும்ப வேண்டும் என்பதுதான் அவனுடைய முதல் பாடம். நல்ல நாள்.

1993 ஜனவரி 8, வெள்ளி

இரண்டுக்கு ஆறு. தோல்விதான், ஆனாலும் ஹலோறன் சிரித்த முகமாக இருந்தார்.

நான் சிரிக்கவில்லை. நிமலன் முதுகைக் காட்டியபோதுதான் கண்டேன். நான் தைத்த பெயருக்கு மேலே வெள்ளை ரேப் நாடா ஒட்டி, அதில் மார்க்கரால் இவர் பெயரை இங்கிலிசில் எழுதியிருக்கிறான். பதினொரு எழுத்து. கடைசி மூன்றுக்கும் இடம் போதாமல் சின்னதாய் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து ஜேர்சியைப் பிடித்து அந்த ரேப்பை இழுத்தேன். அவன் மற்றப் பக்கம் பிடித்தான்.

"விடுங்கோ அம்மா."

"இப்ப இது கூடாது. அவர் வரும் மட்டும் கூடாது. உனக்கு விளங்காது."

"எனக்கு விளங்கும். நீங்கள் சொல்லமாட்டியள். நான்தானே சொல்ல வேணும். எப்பவும் என்னைத்தானே சொல்ல விட்டனீங்கள்."

ரேப் கிழிந்து பாதி என் கையில் வந்தது. அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். மெல்லத்தான் சாத்தினான். இந்தப் பிள்ளை ஒருநாளும் கதவை அடித்துச் சாத்துவதில்லை.

அவன் என்ன சொல்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜனவரி 9, சனி

ஓவர்ரைம். இருநூற்றுப் பத்துச் சட்டைக் கொலர் தைத்தேன்.

நேற்று எழுதியது பொய். விளங்கியது.

ஜனவரி 15, வெள்ளி

சைனஸ் என்று சொல்லி ஆட்டத்துக்குப் போகவில்லை. நாலுக்கு நாலு. சமநிலையாம். முதன்முதலாகத் தோற்காத ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. நிமலன் சொன்னான், ஆனால் ஜேர்சியைக் கழற்றித் தோய்க்கப் போட்ட பிறகுதான் சொன்னான். ரேப் இல்லை. "நிமலன்" என்றுதான் இருந்தது.

ஜனவரி 23, சனி

மச்சாளின் இரண்டாவது கடிதம்.

அது வேறு ஆள். திருகோணமலைப் பக்கத்துக்காரர், வயது அறுபத்திரண்டு, மீன் வியாபாரம். பெயர் மட்டும் இவர் பெயர். அந்த மனிதருக்கும் எங்கேயோ ஒருத்தி இருப்பாள். அவளும் பெயரைச் சொல்லாமல் காத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய ஆள் பதில் சொல்லுகிறார். நல்லது. அவளாவது நன்றாக இருக்கட்டும்.

அழுதேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அழுதுவிட்டுச் சோறு வடித்தேன். கத்தரிக்காய் பொரித்தேன். நிமலன் அரீனாவுக்குப் போயிருக்கிறான், இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கிறது. அவன் வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு, ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். வந்த ஆமிக்காரர்கள் ஐந்து பேர். ஒருவன் கையில் தாள். கதவில் தட்டிய தட்டில் நிலை அதிர்ந்தது. நான் திறந்தேன். நிமலன் என் பக்கத்தில் நின்றான். இவர் பின்னால் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டது, அவர்களுக்குக் கேட்டதோ தெரியாது.

தாள் வைத்திருந்தவன் அரைகுறைத் தமிழில், புருஷன் பெயர் என்ன என்று கேட்டான்.

தபால்காரன் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுகிறவன் கேட்டாலும் நான் செய்கிறதையே செய்தேன். மகனைப் பார்த்து நாடியை உயர்த்திக் காட்டினேன். சொல்லு என்று.

அவன் சொன்னான். நிமிர்ந்து நின்று, இனிஷலோடு, தெளிவாகச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயரை உரத்துச் சொல்லிக் கைதட்டு வாங்கின பிள்ளை.

அவர்கள் தாளைப் பார்த்தார்கள். இவர் ஈரத் தலையோடு, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, யார் வந்திருக்கினம் என்று கேட்டபடி முன்னுக்கு வந்தார்.

நான் வாயைத் திறந்திருந்தால் வேறு ஒரு பெயர் சொல்லியிருப்பேன். கந்தசாமி என்றிருப்பேன், செல்லையா என்றிருப்பேன். ஒரு பொய் சொல்ல எனக்கு முப்பத்தாறு வயது இருந்தது. அவனுக்குப் பதினொரு வயது, உண்மையைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்தப் பெயரை நான் சொல்லக்கூடாது என்ற நினைவில், பொய்யும் சொல்லலாம் என்ற நினைவு வரவில்லை. ஆயுள் குறையக்கூடாது என்று பதினைந்து வருடம் காத்த வாய் அது. அந்த ஒரு நாள் திறந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து இதைப்பற்றி அவனும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. அவன் மறந்துவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 24, ஞாயிறு

மேசையில் கடிதத்தை வைத்தேன். வாசித்தான். மடித்து உறைக்குள் வைத்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"அது அப்பாவா இருக்காதெண்டு. அப்பா பேர் கூப்பிட்டா உடன பதில் சொல்லமாட்டார். ரெண்டு மூண்டு தரம் கூப்பிட வேணும்."

உண்மைதான். பத்திரிகை வாசிக்கிறபோது நாலு தரம் கூப்பிட வேண்டும்.

பிறகு அவனாகவே சொன்னான். கோப்பையில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் சொன்னபடியாத்தான் கொண்டுபோனவங்கள்."

"இல்லை ராசா."

"நான்தானே சொன்னனான்."

"நீ சொன்னாய். ஆனால் அது உன்ர கதை இல்லை. நான் சொல்ல வேண்டியதை உன்னட்டத் தந்தனான். எனக்கு அப்ப தெரியேல்லை. இப்ப தெரியும். அது என்னில இருக்கட்டும். நீ இனி அதைத் தூக்காதை."

அழுதான். பதினான்கு வயது, என்னைவிட உயரம், மீசை அரும்புகிறது. ஆனாலும் மூக்கு ஒழுக அழுதான். நான் சேலைத் தலைப்பால் துடைத்தேன், அவன் தள்ளவில்லை. பிறகு ஏன் அந்தப் பெயரை முதுகில் போடச் சொல்லி இவ்வளவு ஒற்றைக்காலில் நின்றாய் என்று கேட்டேன்.

"இஞ்ச எல்லாரும் அந்தப் பேரைக் கத்தினம் அம்மா. எவ்வளவு கத்தினாலும் ஒருத்தரும் வந்து ஒருத்தரையும் கொண்டுபோகேல்லை."

ஆறிப்போன சோற்றை இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

பெப்ரவரி 6, சனி

லூர்து அக்கா மறுபடி கேட்டாள், தைத்துத் தரட்டுமா என்று. நானே தைக்கிறேன் என்றேன். அவள் தன்னுடைய நல்ல வெள்ளை நூற்கட்டையை என் பையில் போட்டாள்.

பெப்ரவரி 7, ஞாயிறு

காலை பத்து மணிக்குத் தொடங்கினேன். முதலில் "நிமலன்" பிரித்தேன். அதற்குக் கீழே ஹேய்ஸ் இன்னும் பச்சையாக இருந்தான். பிறகு வெள்ளைத் துணியில் பதினொரு எழுத்து வெட்டினேன். அதில் நாலு ஏ. ஒரே அச்சில் வெட்டலாம், அந்த வகையில் வசதியான பெயர்தான்.

நேராக வைத்தால் முதுகு போதாது. வில்லாக வளைத்து வைத்தேன். முதல் எழுத்தில் தையல் கோணலாகப் போனது. பிரித்துத் திரும்பத் தைத்தேன். இரண்டாவது எழுத்து, மூன்றாவது. ஐந்தாவதில் தையல் நேராக வந்தது. ஏதாவது நடக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் வக்கியூம் மெஷினால் கூட்டினார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஹேய்ஸை முழுதாக மூட முடியவில்லை. நடுவில் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறான். இருக்கட்டும். அவனும் இந்தக் கோலில் நின்றவன்தானே.

நிமலன் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கண்ணாடியில மறுபக்கமாத் தெரியுது அம்மா. வாசிச்சுச் சொல்லுங்கோவன்."

"நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். தைத்த கைக்கு வந்த துணிவு வாய்க்கு வரவில்லை.

பெப்ரவரி 12, வெள்ளி

ஒன்றுக்கு மூன்று. முப்பத்தெட்டு அடியில் முப்பத்தைந்தை நிமலன் தடுத்ததாக ஹலோறன் விரல்விட்டுச் சொன்னார். கூட்டம் இப்போது இருநூறு இருக்கும். தோற்கிற அணியைப் பார்க்க இவ்வளவு பேர் ஏன் வருகிறார்கள் என்று தெரியவில்லை. முன்பாதியைக் கத்தினார்கள். நான் எழும்பவில்லை. இருந்து கேட்டேன்.

பெப்ரவரி 19, வெள்ளி

இந்த வருடத்தின் கடைசி ஆட்டம். பின்னேரம் நாலு மணி. சுப்பவைசர் மரியாவிடம் இரண்டு மணிக்கே கேட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

படியில் ஏற முந்தி ஹலோறன் ஓடிவந்தார். பெயர் வாசிக்கிற பிள்ளைக்குத் தொண்டை அடைத்துவிட்டதாம். நீங்கள் வாசியுங்கள் என்றார். எனக்கு இங்கிலிஸ் வராது என்றேன். இதில் இங்கிலிஸ் ஒன்றும் இல்லை, பெயர்கள் மட்டும்தான், எல்லாப் பெயரையும் தைத்தவர் நீங்கள், ஒவ்வொரு எழுத்தும் உங்களுக்குத்தானே தெரியும் என்றார். பதினைந்து பெயர் எழுதிய தாளைக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒலிபெருக்கி மேசை, ஐஸுக்குப் பக்கத்திலேயே. நான் நின்றேன். தாளை இரண்டு கையாலும் பிடித்தேன். பெயர் எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு நின்ற இன்னொருவனை நினைத்தேன். பலகை வேலியில் வட்டு மோதியது, படார் என்று. நிமலன் கோலுக்குள் நின்று வேலியைப் பார்த்தான். பிறகு மேசையில் நிற்பது நான் என்று கண்டான். முகமூடியை மேலே தூக்கினான்.

இரண்டாம் இலக்கம் வாசித்தேன். ஐந்து. ஏழு. என்னுடைய குரல் கூரையில் பட்டு, யாரோ பெரிய மனுஷியின் குரலாகத் திரும்பி வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெடியன் மட்டையை உயர்த்தினான். இருபத்திரண்டு வந்தது. இருபத்தாறு வந்தது. அதற்குப் பிறகு அந்த வரி.

மூச்சு எடுத்தேன். சனம் காத்துக்கொண்டிருந்தது. நாடியைக் காட்டுவதற்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"முப்பத்தொன்று" என்றேன். "நிமலன் அருளம்பலம்."

ஒரு எழுத்தும் பிசகவில்லை. பதினேழு வருடம் வாய்க்குள் வைத்திருந்த பெயர் அரீனா முழுக்கப் போய், ஐஸுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவர் ஒரு தரத்தில் பதில் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆகவே இன்னொரு தரமும் சொன்னேன்.

"அருளம்பலம்."

தாளைப் பிடித்துக்கொண்டு காத்துநின்றேன். ஈரத் தலையோடு ஒருவரும் வரவில்லை. ஒருவரும் ஒருவரையும் கொண்டுபோகவில்லை. நிமலன் முகமூடியை இறக்கிவிட்டு, மட்டையால் ஐஸில் இரண்டு தரம் தட்டினான்.

நாற்பத்து நாலாம் இலக்கத்தை வாசித்தேன்.